லிஃப்ட் காட்சியில் எந்தத் துப்பாக்கி?

எல்லாரும் அழுகிற காட்சியில் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, பெரிதாக்கிப் பார்க்கிற ஆள் நான். கதாநாயகனின் அப்பா செத்துப்போகிறார், பாவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சுட்டவன் கையில் இருப்பது ரிவால்வரா, பிஸ்டலா? போன காட்சியில் இருந்த அதே துப்பாக்கியா? ஆறு தோட்டா போடுகிற ரிவால்வரை வைத்துக்கொண்டு எப்படி மூச்சு விடாமல் சுட்டுக்கொண்டே இருக்கிறான்? இது தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

"உன்னோட உக்காந்து ஒரு படத்தை முழுசா பார்த்தவன் இன்னும் பொறக்கல," என்பாள் அம்மா.

பிறந்திருக்கிறான். என் பெரியப்பா மகன். அவனை எல்லாரும் தோட்டா என்றுதான் கூப்பிடுவார்கள். பேச ஆரம்பித்தால் எதிரே நிற்பவர்களுக்குப் பதுங்க இடம் கிடைக்காது. என்னைவிட ஒரு வயது மூத்தவன் என்பதால் அண்ணன் என்று கூப்பிட வேண்டும். கோபம் வந்தால் 'டேய்'தான். இரண்டு பேரும் சேர்ந்து இணையத்தில் 'எந்தத் துப்பாக்கி?' என்று ஒரு பக்கம் நடத்துகிறோம். ஒரு சண்டைப் படம் வந்தால் போதும், அதில் வருகிற ஒவ்வொரு துப்பாக்கியையும் பிடித்து, எந்தக் காட்சி, யார் கையில், என்ன ரகம், நிஜமா ரப்பர் பொம்மையா என்று எழுதிப் போடுவோம். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் பக்கத்தில் ஏறும். இல்லாவிட்டால் 'தெரியவில்லை' என்று போட்டுவிட்டுச் சண்டையைத் தொடர்வோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் இருவரில் யாரும் நிஜத் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. தோட்டா கூரியர் கம்பெனியில் வீடு வீடாகப் பெட்டி கொடுக்கிறவன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, "இப்ப தெளிவா இருக்கா, இல்ல இப்ப தெளிவா இருக்கா" என்று கேட்பதுதான் என் பிழைப்பு.

எங்களை நாலு பேருக்குத் தெரியவைத்தது 'பதினேழாவது மாடி' என்கிற படம். அதில் லிஃப்டுக்குள் ஒரு சண்டை. முகமூடி போட்ட அடியாள் ஒருவனைக் கதாநாயகன் பின்னாலிருந்து கழுத்தோடு வளைத்துப் பிடித்து, துப்பாக்கியை அவன் வலது காதை ஒட்டிக் கொண்டுவந்து, அவன் மூக்குக்கு முன்னாலேயே நீட்டி, பக்கத்தில் நிற்கிற இன்னொருவனைச் சுடுகிறான். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். கதாநாயகனின் முகம்கூடத் தெரியாது. கறுப்பு முகமூடி, கறுப்புக் கையுறை போட்ட ஒரு கை, ஒரு துப்பாக்கி. திரையில் அவ்வளவுதான்.

அந்தத் துப்பாக்கி கோர்வா என்கிற பிஸ்டல். படம் முழுக்கக் கதாநாயகன் வைத்திருப்பது அந்த ரகம்தான். சுட்டவுடன் காலிக் கூடு தெறித்து வெளியே வருவதற்குப் பிஸ்டலில் ஒரு திறப்பு இருக்கும். நாங்கள் அதைச் சன்னல் என்போம். கோர்வாவில் சன்னல் வலது பக்கம். இடது பக்கத்தில் கட்டைவிரலால் தள்ளுகிற ஒரு சின்ன நெம்புகோல். ஆனால் லிஃப்ட் காட்சியில் என்ன நடக்கிறது தெரியுமா? துப்பாக்கியின் வலது பக்கம்தான் நமக்குத் தெரிகிறது. அங்கே சன்னலைக் காணோம்! நெம்புகோல் இருக்கிறது! பிடித்திருப்பதும் இடது கை!

தோட்டா எங்கேயோ தேடி ஒரு பழைய விளம்பரத்தைப் பிடித்தான். இடது கைக்காரர்களுக்கென்று எல்லாவற்றையும் மாற்றி வைத்து, கொஞ்சமே கொஞ்சம் கோர்வா செய்திருக்கிறார்கள். அதுதான் இது! கதையோடும் பொருந்துகிறது. லிஃப்டுக்கு முந்தின காட்சியில் கதாநாயகனுக்கு வலது தோளில் கத்திக்குத்து. அதனால் இடது கையால் சுடுகிறான்.

"பாருடி, எவ்ளோ யோசிச்சிருக்காங்க," என்று தோட்டா உருகினான். நானும் உருகினேன். எழுதிப் போட்டோம், படித்தவர்களும் உருகினார்கள். ஒரு பத்திரிகையில் தோட்டாவின் புகைப்படத்தோடு செய்தி வந்தது. பெரியம்மா அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

அந்தப் பதிவின் கீழே ஒரு நாள் ஒரு பெண் எழுதியிருந்தார்: "தம்பி, நீங்க எழுதினது தப்பு. அது வலது காது இல்ல. இடது காது. அது என் வீட்டுக்காரர் காது."

தோட்டா பதில் போட்டான்: "அக்கா, ஒரு தடவை படத்தைப் பாத்துட்டு எழுதுங்க."

அவர் போட்டார்: "தம்பி, ஒரு தடவை காதைப் பாத்துட்டு எழுதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டாவுக்கு வரவில்லை. "எவளோ வேலையத்தவ," என்று அவன் போய்விட்டான். நான் தனியாக அவருக்குச் செய்தி அனுப்பி, எங்கள் கடை முகவரியைக் கொடுத்தேன். காதைப் பார்க்கச் சொன்னால் பார்த்துவிட வேண்டியதுதானே?

மத்தியானம் கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில் வந்தார்கள். அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கையில் சாவிக்கொத்து, நடையில் ஹாரன். அவர் பின்னால் ஒரு மனிதர் வந்ததை நான் கவனிக்கவே இல்லை. கதவு திறந்த சத்தமும் கேட்கவில்லை, மூடிய சத்தமும் கேட்கவில்லை.

"இவருதான் காது," என்றார் அக்கா.

அவர் ஸ்டன்ட்காரர். எவ்வளவு உயரத்திலிருந்து தள்ளினாலும் காலில்தான் விழுவார் என்பதால் அந்த வட்டாரத்தில் அவருக்குப் பூனை என்று பெயர். லிஃப்டில் முகமூடி போட்டிருந்த அடியாள் அவர்தான்.

"என்னம்மா, நீயா அந்தத் துப்பாக்கிப் பொண்ணு?" என்றார். "நான் பெரிய மீசை வச்ச ஆளுன்னு நினைச்சேன்."

"மீசை இருக்கிறவன் கூரியர் குடுக்கப் போயிருக்கான்ணே. உக்காருங்க."

அவர் சுற்றிப் பார்த்து, எனக்கு இடது பக்கம் கிடந்த நாற்காலியை விட்டுவிட்டு, தன் வலது காது என் பக்கம் இருக்கிற மாதிரி மாறி உட்கார்ந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னார்.

அந்த லிஃப்டில் சுட்டது வெத்துத் தோட்டா. குண்டு இருக்காது, வெடி மட்டும். ஆனால் சத்தம் நிஜம். நாலு பக்கமும் இரும்புச் சுவர், காதுக்குப் பக்கத்தில் வெடி. அன்றைக்கே இடது காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்று இவர் யாரிடமும் சொல்லவில்லை. 'ஙொய்' போனது. கூடவே கேட்பதும் போனது.

"அதையும் சொல்லல," என்றார் அக்கா. "கட்டுன பொண்டாட்டிகிட்டயே சொல்லல. நான் என்னமோ, கல்யாணம் ஆகி இத்தனை வருஷமாச்சே, அதான் நம்ம பேச்சு காதுல ஏறலன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

பூனை அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

போன மாதம் ஒரு படப்பிடிப்பில் மேலேயிருந்து ஒருவர் குதிக்க, "விலகு!" என்று இடது பக்கத்திலிருந்து கத்தியிருக்கிறார்கள். அங்கே இருந்த இரைச்சலில் இவருக்குக் கேட்கவில்லை. குதித்தவர் இவர் மேல் மோதித் தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். ஸ்டன்ட் சங்கம் இவருக்குக் காது சோதனை வைத்தது. குட்டு வெளிப்பட்டது. எப்போது போனது என்று கேட்டார்கள். 'பதினேழாவது மாடி' லிஃப்டில் என்று சொன்னார். சங்கச் செயலாளர் படத்தைப் போட்டுப் பார்த்தார். துப்பாக்கி வலது காதோரம். போனதோ இடது காது.

"செவிடுன்னு தெரிஞ்சே மறைச்சுத் தொழில் பண்ணியிருக்கான், மாட்டினதும் கதை கட்டுறான்னு சொல்றாங்கம்மா," என்றார் அக்கா. "தொழில்ல அடிபட்டா சங்கம் கைவிடாது, வேற வேலை போட்டுக் குடுக்கும். மறைச்சான்னா உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிடுவாங்க. அட்டை இல்லாம இவரை எவன் உள்ள விடுவான்? வர்ற புதன்கிழமை கூட்டம். செயலாளர் என்ன காட்டுறார் தெரியுமா? உங்க பக்கத்தைத்தான் காட்டுறார். 'சின்னப் பசங்க எவ்ளோ ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க பாரு, வலது காதுன்னு போட்டிருக்கு பாரு'ன்னு."

எங்கள் பக்கத்தைத் துப்பாக்கிப் பைத்தியங்கள்தான் படிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"படம் எடுத்தவங்களைக் கேட்டீங்களா?"

"கம்பெனியே மூடியாச்சு. எடிட்டரு எந்த நாட்டுலயோ கல்யாண வீடியோ வெட்டிக்கிட்டு இருக்காராம். போன் எடுக்க மாட்டேங்குறார்."

"அண்ணே, உங்களுக்கு உறுதியா ஞாபகம் இருக்கா? இடது காதா?"

"அன்னைக்கு இடதுன்னுதான்மா ஞாபகம். ஆனா படத்தைப் பாத்ததுலேர்ந்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. சினிமாவே வலதுன்னு சொல்லுதே. நான்தான் மறந்துட்டேனோ? வேற எங்கயாவது போச்சோ?"

"ஆமா, கடையில தொலைச்ச குடை பாருங்க, எங்க போச்சுன்னு தெரியாம இருக்க," என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தப் பதிவுல இன்னொண்ணு எழுதியிருந்தியே, இடது கைக்குன்னே செஞ்ச துப்பாக்கின்னு. அப்ப தோள்ல குத்து வாங்கினவன், ரத்தம் சொட்டச் சொட்டக் கடைக்குப் போய், 'அண்ணே இடது கைக்கு ஒண்ணு குடுங்க'ன்னு வாங்கிட்டு வந்தானாக்கும்?"

சத்தியமாகச் சொல்கிறேன், இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அபூர்வமான துப்பாக்கி ஒன்று கிடைத்துவிட்டது என்ற குஷியில், அது அவன் கைக்கு எப்படி வந்தது என்று நாங்கள் யோசிக்கவில்லை, உருகிய அத்தனை பேரும் யோசிக்கவில்லை.

"நடிச்சுக் காட்டுங்கண்ணே," என்று அவரைக் கண் சோதிக்கிற அறைக்குக் கூட்டிப்போனேன். அக்காவும் பின்னாலேயே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று, கண்ணை மூடிக்கொள்ளக் கொடுக்கிற பிளாஸ்டிக் கரண்டியைத் துப்பாக்கியாக வலது கையில் பிடித்து, அவர் சொன்னபடி இடது காதை ஒட்டி மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

எங்கள் கடை சின்னது. எழுத்து அட்டையை நாற்காலிக்கு எதிரே மாட்டினால் தூரம் போதாது. அதனால் அட்டை நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருக்கும், எதிரே ஒரு பெரிய நிலைக்கண்ணாடி. அட்டையில் எழுத்தெல்லாம் இடவலம் மாறி அச்சாகியிருக்கும். கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும். தினமும் நான் பார்க்கிற கண்ணாடிதான். அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தேன்.

லிஃப்ட் காட்சி அப்படியே இருந்தது. அதே பக்கம், அதே கோணம். கண்ணாடியில் நின்றவள் இடது கைக்காரி.

"அண்ணே! லிஃப்ட் சண்டையை எப்ப எடுத்தாங்க? கத்திக்குத்துக்கு முன்னாடியா, அப்புறமா?"

"லிஃப்டுதாம்மா முதல்ல எடுத்தது. குத்து எல்லாம் கடைசியில சேத்தாங்க. கதை சப்புன்னு இருக்குன்னு யாரோ சொன்னாங்களாம்."

கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன். முதலாளி ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார். வலது கையால் சுட்ட காட்சியை எடுத்து முடித்துவிட்டார்கள். அப்புறம் கதையை மாற்றி வலது தோளில் குத்தியாகிவிட்டது. குத்துப்பட்ட கையால் சுடமுடியுமா? திரும்ப எடுக்க வசதியில்லை. எடிட்டர் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டார்! ஒரே ஒரு எழுத்து, ஒரு மாடி எண், ஒரு சட்டைப் பை இருந்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார். முகமூடிக்கு ஏது இடம் வலம்? அந்தக் காட்சியில் இடம் வலம் உள்ள பொருள் துப்பாக்கி ஒன்றுதான். அதையும் நாங்கள் அபூர்வ ரகம் என்று சொல்லிச் சான்றிதழ் கொடுத்துவிட்டோம்.

"அப்ப நான் மறக்கலையா?" என்றார் பூனை அண்ணன்.

"இல்லண்ணே."

அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமா, சுட்டது யாருண்ணே? கையுறை போட்டிருக்கே, அது நிஜமா ஹீரோ கையா? சுட்டவர் வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதே."

"கையை விடும்மா," என்றார். "நீ காதைப் பாரு."

"பாத்தியா?" என்றார் அக்கா. "ஹீரோவுக்குக் கை டூப் போடுறவர்தான் சுட்டார். பேரே 'கை'. ஒரே தட்டுல சாப்பிட்ட கூட்டாளி. சங்கத்துல கேட்டதுக்கு 'நிறையப் படம் பண்ணிட்டேன், ஞாபகம் இல்ல'ன்னுட்டார். இவரும் அவர் பேரைச் சொல்ல மாட்டாராம்."

"சொன்னா அவன் அட்டை போயிடும். அவ்ளோ கிட்ட வச்சுச் சுடக்கூடாதுன்னு சங்கத்துல சட்டம். வர்றதா இருந்தா அவன் வாயிலேர்ந்து வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். தோட்டா சமையலறை மேஜையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். முழுதும் சொன்னேன். அவன் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். நாலாவது காலைக் கையில் கொடுத்தாலும் அது வால் என்பான்.

"திருப்பியிருக்கலாம்னு நீ சொல்ற. இடது ரகமா இருக்கலாம்னு நான் சொல்றேன். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். என்ன ஆதாரம்?"

"அந்த அண்ணன் காதுடா!"

"அது உனக்கு ஆதாரம். சங்கத்துல, அந்தக் காதுதானே பொய்யின்னு சொல்றாங்க? அதை வச்சே அதை நிரூபிப்பியா?"

எனக்கு ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. ஆனால் அவன் கேட்டது சரிதான். செயலாளரும் அதைத்தான் கேட்பார்.

"சரிடா அண்ணா. நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். நீ இடதுன்னு பாரு, நான் திருப்பினதுன்னு பார்க்கிறேன்."

படத்தை முதலிலிருந்து போட்டோம். வாடகைத் துப்பாக்கிகள் பாவப்பட்டவை. படத்துக்குப் படம் கீழே விழுந்து, மிதிபட்டு, உடம்பெல்லாம் தழும்பாக இருக்கும். ரகம் ஒன்றாக இருந்தாலும் தழும்பு ஒன்றாக இருக்காது. மொட்டைமாடிக் காட்சியில் கதாநாயகன் முகம் தெரிய, வலது கையில் அதே கோர்வாவோடு நிற்கிறான். இடது பக்கம் நமக்குத் தெரிகிறது. அங்கே எதிரே ஒரு கடைப் பலகையும் இருக்கிறது, எழுத்து நேராக. அதனால் அந்தக் காட்சியைத் திருப்பவில்லை. சுண்டுவிரலுக்குக் கீழே பிடியின் அடிப்பகுதி. பெரிதாக்கினேன். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது, கடித்த பிஸ்கட் மாதிரி. அதற்கு மேலே பிடியை முடுக்கிய திருகு. அதன் பள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இப்ப லிஃப்டைப் போடு."

லிஃப்டில் துப்பாக்கியின் வலது பக்கம். சுண்டுவிரலுக்குக் கீழே அதே பிஸ்கட் கடி. ஆனால் துப்பாக்கியின் மறுபக்கத்தில்! திருகுப் பள்ளமும் அதே அளவு சாய்ந்திருந்தது, எதிர்த் திசையில்.

தோட்டா திரைக்குக் கிட்டே குனிந்தான். "ரெண்டு துப்பாக்கியும் ஒரே மாதிரி உடைஞ்சிருக்கலாம்ல?"

"உடையலாம். திருகும் போய் அதே சாய்வுல நிக்குமா? அதுவும் கண்ணாடியில பார்த்த மாதிரி?"

அவன் என் கையிலிருந்து மடிக்கணினியைப் பிடுங்கினான். லிஃப்ட் படத்தை இடம் வலமாகத் திருப்பினான், மொட்டைமாடிப் படத்தின் மேல் வைத்தான், பாதி தெரியும்படி மங்கலாக்கினான், அளவைச் சரிசெய்தான். சில்லு சில்லின் மேல் உட்கார்ந்தது. திருகு திருகின் மேல் உட்கார்ந்தது. வேண்டுமென்றே கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான். மறுபடியும் உட்கார்ந்தது.

"போச்சு," என்றான். "அது நம்ம பழைய கோர்வாதான். இடது ரகம் இந்தப் படத்துலயே இல்ல."

அவன் ஃப்ரிட்ஜைப் பார்த்தான். "அம்மா ஒட்டி வச்சிருக்காங்களே, அதை என்னடி பண்றது?"

"உன் முகம் சுவத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பி ஒட்டச் சொல்லு."

"சிரிக்காத," என்று அவனே சிரித்தான். அப்புறம் கேட்டான்: "புதன்கிழமை எத்தனை மணிக்கு? நானும் வரேன். எழுதினவன் நான்தானே."

சங்கக் கட்டடம் என்பது ஒரு பெரிய பயிற்சிக் கூடம். கூரையிலிருந்து கயிறுகள், மூலையில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய மெத்தைகள், சுவரில் ஒரு டிவி. கட்டு, தையல், தழும்பு என்று ஆளுக்கொன்று சுமந்தபடி எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பூனை அண்ணன் நடுவில். அவருக்கு வலது பக்கத்து நாற்காலியில் அவர் பை. அதற்கும் அந்தப் பக்கம் அக்கா. இடது பக்கம் ஓரமாக, கைகளைத் தொடைகளுக்கு நடுவே புதைத்தபடி ஒருவர். அக்கா கண்ணால் காட்டினார். கை.

செயலாளர் மூக்கு வளைந்த, கனத்த மனிதர். முறைத்துக்கொண்டு இருப்பார் என்று நினைத்தேன். அப்படி இல்லை, களைத்துப்போயிருந்தார்.

"பூனை மேல எனக்கு என்ன பகை?" என்றார் எங்களிடம். "ஆனா இங்க ஒருத்தன் உசுரு இன்னொருத்தன் காதுல இருக்கு, கண்ணுல இருக்கு. அடிபட்டவனை நான் தூக்கிச் சுமப்பேன். மறைச்சு வந்தவனைச் சுமக்க முடியாது. சொல்லுங்க, என்ன கொண்டாந்திருக்கீங்க?"

தோட்டா எழுந்தான். ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தான் போல. "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும்..."

"தம்பி, காதைப் பத்திப் பேசாத," என்றார் அக்கா. "இங்க பஞ்சாயத்தே அதுதான்."

கூடம் சிரித்தது. தோட்டாவின் மனப்பாடம் அதோடு போனது, நல்லதாகப் போயிற்று. அதற்குப் பிறகு அவன் சாதாரணமாகப் பேசினான். அந்தப் பதிவை எழுதியது தான்தான், அது தப்பு, ஆசை கண்ணை மறைத்துவிட்டது என்று முதலில் சொன்னான். நான் டிவியில் படங்களைப் போட்டேன். மொட்டைமாடி. சில்லு. திருகு. லிஃப்ட். அதைத் திருப்பினேன். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தேன்.

செயலாளர் எழுந்து வந்து மூக்கு டிவியில் உரசுமளவுக்குக் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். (அது அவருக்குச் சரியான பவரே இல்லை. அன்றைக்குச் சொல்லவில்லை.)

"எல்லாப் பிடியிலயும் திருகு இப்படித்தானே இருக்கும்?"

"முடுக்குறவர் கை எங்க நிறுத்துதோ அங்கதான் நிக்கும் சார்," என்றான் தோட்டா. "ரெண்டு துப்பாக்கிக்கு ஒரே மாதிரி நிக்காது. அது கூடவே சில்லும் பாருங்க."

பின் வரிசையிலிருந்து ஒருவர், "நாமளே எத்தனை தடவை கீழ போட்டிருக்கோம், அந்தச் சில்லு எனக்குத் தெரியும்ணே," என்றார். இன்னொருவர், "போட்டதே நீதானே," என்றார்.

நான் திருப்பின லிஃப்ட் காட்சியை ஓடவிட்டேன். இப்போது கதாநாயகனின் வலது கை. முகமூடி ஆளின் இடது காது. ஒரு நொடி. வெடி. மறுபடியும் ஓடவிட்டேன்.

"இடது காதுதான்," என்றார் செயலாளர். சொல்லிவிட்டுப் பூனை அண்ணனைப் பார்த்தார். "மன்னிச்சுக்கடா." அப்புறம் அவர் குரல் மாறியது. "இவ்வளவு கிட்ட வச்சுச் சுட்டது யாரு?"

"அது வேண்டாம்ணே," என்றார் பூனை அண்ணன். "எனக்கு என் பேச்சு பொய் இல்லன்னு ஆனா போதும்."

அவர் டிவியைப் பார்த்தபடியே இருந்தார். அவருக்கு இடது பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. கை எழுந்து நின்றார்.

"நான்தாண்ணே."

கூடம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது.

"தள்ளி வச்சுச் சுடணும்னு எனக்குத் தெரியும். அந்த லிஃப்டுல எங்க தள்ளுறது? காதுல பஞ்சு வச்சா முகமூடி புடைச்சுத் தெரியுதுன்னு எடுக்கச் சொன்னாங்க. அவனும் எடுத்துட்டான். நான் அப்பவே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்." அவர் தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். "அப்புறம் நீங்க கேட்டப்போ, படத்துல வலது காதுன்னு எல்லாருமே சொன்னீங்க. நான் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்ல, சும்மா இருந்தாலே போதும்னு ஆயிடுச்சு. சும்மா இருந்துட்டேன்."

கை நெஞ்சுக்குள்ளேயே முணுமுணுத்ததில் பூனை அண்ணனுக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை. எல்லாரும் எங்கேயோ பார்க்கிறார்களே என்று அக்காவிடம் கேட்டார்: "என்ன அந்தப் பக்கம்?"

"உங்க கூட்டாளி எந்திரிச்சு நிக்கிறார்."

அவர் சட்டென்று திரும்பினார். "என்ன சொல்றான்?"

இத்தனை நாளாக இதற்குத்தான் காத்திருந்தார் அக்கா. சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் விட்டுவிட்டார். "நான் எதுக்கு நடுவுல? அவரே வந்து சொல்லட்டும்."

செயலாளர் மேஜையைத் தட்டினார். "பூனை, உன் அட்டை உன்கிட்டதான் இருக்கும். தொழில்ல பட்ட அடி. ஆனா நீ இனிமே குதிக்கக் கூடாது. மெத்தைக் குழுவுல இரு. எவன் எங்க விழுவான்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

"குதிக்கவே கூடாதாண்ணே?"

"கூடாது."

பூனை அண்ணன் கூரையிலிருந்து தொங்கிய கயிறுகளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"நீ," என்றார் செயலாளர் கையிடம். "நாளைக்குக் காலையில என்னை வந்து பாரு. தனியா. உன் அட்டையை எடுத்துக்கிட்டு வா."

"சரிண்ணே."

கூட்டம் கலையத் தொடங்கியது. தோட்டா வயர்களைச் சுருட்டினான். கை நின்ற இடத்திலிருந்து கிளம்பி, வாசலுக்குப் போகாமல், நாற்காலி வரிசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தார். பூனை அண்ணனின் வலது பக்கம் வந்து நின்றார். என்னமோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக.

"சத்தமா சொல்லுடா," என்றார் பூனை அண்ணன். "இந்தக் காது நல்லாத்தான் இருக்கு."

கை மறுபடியும் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

பூனை அண்ணன் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காரு," என்றார்.